அம்மாவின் இரண்டாவது கல்யாணப் போட்டோ

என் வயசுக்காரர்களே, அதிலும் மூட்டுவலித் தைலத்தைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுக்கிறவர்களே, இது உங்களுக்காக எழுதுவது. சின்னவர்களுக்கு இதில் பாதி நம்பிக்கை வராது.

போன வாரம் அக்கா மகளுடைய பியூட்டி பார்லரில் செத்த நேரம் உட்கார்ந்திருந்தேன். கல்யாணப் பெண் ஒன்று வந்து போனில் ஏதோ படத்தைக் காட்டி, "எனக்கு இந்த மாதிரி ரெட்ரோ லுக் வேணும்க்கா" என்றது. அலை அலையாக முன்முடி, வால் நீண்ட கண்மை, காதோரம் சுருள், பஃப் கை ஜாக்கெட். அக்கா மகள் என் பக்கம் திரும்பி, "இதெல்லாம் இப்பத்த டிரெண்டு சித்தி, உங்களுக்குப் புரியாது" என்றாள். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அந்த வார்த்தை திண்டுக்கல்லுக்கு வந்து சேர்வதற்கு எத்தனையோ வருஷம் முன்பே, எங்கள் வீட்டில் ஒரு ரெட்ரோ லுக் செய்து முடித்துவிட்டோம். செய்துகொண்டது எங்கள் அம்மா.

எனக்கு அப்போது பதினோரு வயது. ஈஸ்டர் முடிந்து பள்ளிக்கூடம் லீவு விட்டிருந்தது. அந்த மே மாதம் அப்பா அம்மாவுக்குக் கல்யாணமாகி இருபத்தைந்து வருஷம். கோயிலில் வெள்ளி விழாப் பூசைக்குச் சொல்லியாயிற்று. அப்பா ஆத்தூர் ரூட்டில் பஸ் ஓட்டிக்கொண்டிருந்தார். அம்மா மூன்றாம் வகுப்பு டீச்சர். அம்மாவின் முகத்தில் நான் பார்த்த ஒரே பவுடர் சாக்பீஸ் தூள்தான். வீட்டில் பவுடர் டப்பாவே கிடையாது. நாங்கள் கேட்டால், "சோப்புப் போட்டுக் கழுவுனா போதும்" என்று ஒரே பதில். அம்மா பக்தியான ஆள், எளிமையை விரும்புகிறவர் என்றுதான் நாங்கள் நினைத்தோம். பங்குச் சாமியார்கூட ஒரு பிரசங்கத்தில் பெயர் சொல்லாமல் அம்மாவைப் புகழ்ந்திருக்கிறார்.

எங்கள் வீட்டுச் சுவரில் எல்லாருடைய போட்டோவும் இருந்தது. அப்பா அம்மாவின் கல்யாணப் போட்டோ மட்டும் இல்லை. கல்யாணமான முதல் வருஷமே பெட்டிக்குள் வைத்திருந்ததைக் கரையான் தின்றுவிட்டதாம். பெட்டியை ஈரச் சுவர் ஓரமாகத் தள்ளி வைத்தது அப்பா. அதனால் குற்றம் முழுக்கத் தன்னுடையது என்று அவர் எடுத்துக்கொண்டார். மாதத்துக்கு ஒருமுறை அந்தத் தகரப் பெட்டியின் கால்மாட்டில் மண்ணெண்ணெய் ஊற்றுவார். ஊற்றிவிட்டு, "அன்னைக்கே ஊத்தியிருக்கணும்" என்று ஒரு பெருமூச்சு. அதே பெட்டியில் இருந்த கல்யாணப் பட்டுப்புடவையைத் தொடாத கரையான், போட்டோவை மட்டும் எப்படிப் பொறுக்கித் தின்றது என்று அவருக்கு ஒரு நாளும் தோன்றியதில்லை. எங்களுக்கும் தோன்றவில்லை.

திட்டம் போட்டது அக்கா. அவளுக்கு இருபது வயது, கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாள். "போட்டோ போனா என்ன? பொண்ணும் மாப்பிள்ளையும் இருக்காங்கள்ல. அதே புடவை, அதே கொண்டை, அதே சோடனை. ஸ்டுடியோவுல போய் நின்னு திரும்ப எடுத்துருவோம்" என்றாள்.

"பைத்தியமாடி ஒனக்கு? நாப்பத்தஞ்சு வயசுல வேசம் கட்டச் சொல்ற" என்றார் அம்மா.

ஆனால் அப்பாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே. சாப்பாட்டுத் தட்டில் கை வைத்தபடி, திருவிழாக் கடை முன்னால் நிற்கிற பிள்ளை மாதிரி அம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா அவரைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார். கடைசியில், "சரி, தொலைங்க" என்றார். அந்தப் பார்வைக்கு அர்த்தம் எனக்கு அன்றைக்குத் தெரியவில்லை.

அசல் போட்டோ இல்லாமல் அதே மாதிரி அலங்காரம் செய்வது எப்படி? அக்கா ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு சாட்சிகளை விசாரிக்கக் கிளம்பினாள். முதல் சாட்சி அப்பா.

"நெத்தியில ஒரு சுருளு இருந்துச்சு. இடது பக்கம். இல்ல, வலது. முடியெல்லாம் அலையடிச்சு நிக்கும். மூஞ்சி அப்படியே நெலா மாதிரி, வெள்ள வெளேர்னு!"

அக்கா எல்லாவற்றையும் எழுதிக்கொண்டாள். வெள்ளை வெளேர் என்பதன் கீழே இரண்டு கோடு.

இரண்டாவது சாட்சி பெரியம்மா, அம்மாவின் அக்கா. சின்னாளப்பட்டியில் இருந்தார். வீட்டு வாசல் முழுக்கச் சுங்கிடிச் சேலைகள் காய்ந்துகொண்டிருக்க, நாங்கள் சேலைகளுக்கு நடுவே புகுந்து புகுந்து அவரைக் கண்டுபிடித்தோம். "நெத்திச் சுருளா? யாரு சொன்னா? காதுகிட்டதான் ரெண்டு பக்கமும் சுருளு விட்டிருந்தோம். பஃப் கை, இந்தா இம்புட்டுப் பெருசு. கொண்டையச் சுத்தி மல்லிகைப்பூ" என்று கையால் வரைந்து காட்டினார். "முகத்துக்கு என்ன போட்டீங்க பெரியம்மா?" என்று அக்கா கேட்டதும் அவர் பேச்சு நின்றுவிட்டது. "அது… அவுக வீட்டுல போட்டாக. அந்தப் போட்டோதான் போச்சுல்ல, விடுங்கடி. வந்து சாப்புடுங்க" என்று உள்ளே போய்விட்டார்.

அக்கா ஒத்திகை பார்த்தது என் தலையில். சர்க்கரைத் தண்ணீர் தொட்டு முடியைத் துணிக்கீற்றில் சுற்றிக் காயவிட்டால் அலை விழும் என்று ஏதோ பெண்கள் பத்திரிகையில் படித்திருந்தாள். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு என் தலையில் பதினாறு கீற்று சுற்றினாள். நான் அப்படியே கூடத்தில் படுத்துத் தூங்கிவிட்டேன். ஒரு மணி நேரம் கழித்து எழுந்து நான் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டுக்காரர்கள் ஓடிவந்தார்கள். ஊரில் இருக்கிற எறும்பு முழுக்க என் தலையில். அக்கா கிணற்றடியில் வைத்து வாளி வாளியாக ஊற்றினாள். அலை மட்டும் நன்றாக விழுந்திருந்தது, அதைச் சொல்லியே ஆக வேண்டும்.

அதற்குப் பிறகுதான் மேக்கப் மாமாவைத் தேடிப் போனோம். எங்கள் பக்கத்து ஊர்களில் தவக்காலத்தில் இயேசுவின் பாடுகளை நாடகமாகப் போடுவார்கள், பாஸ்கா என்று பெயர். அதற்கு முகம் எழுதுகிறவர் அவர். மற்ற நாட்களில் கடைகளுக்குப் போர்டு எழுதுவார். கைவிரல் பத்திலும் எந்நேரமும் ஏதாவது ஒரு கலர் இருக்கும். மாதாவுக்கும் யூதாசுக்கும் ஒரே கையால் மை தீட்டுகிற ஆள் என்று எனக்கு அவரைக் கண்டால் கொஞ்சம் பயம்.

எறும்புக் கதையைக் கேட்டு அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "சர்க்கரையா? அடப் பாவி மகளே! வெண்டைக்காய் வாங்கிட்டு வாங்கப்பு. முத்தலா இருக்கணும். அறுத்து வேகவச்சா ஒரு கொழகொழப்பு வரும் பாரு, அதத் தடவிச் சுத்துனா காஞ்சு கல்லு மாதிரி நிக்கும். சம்மனசுக்கெல்லாம் நான் அதுதான் வைக்கிறது. போன வருசம் கபிரியேல் தூதருக்கு வச்ச சுருளு, மறுநா அவன் வயக்காட்டுல தண்ணி பாய்ச்சுறப்பவும் அப்படியே நின்னுச்சு."

ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் அப்பாவுக்குத் தெரிந்த லாரிக்காரர் ஒருவர் இருந்தார். அவரிடம் சொல்லி அனுப்பியதற்கு ஒரு சாக்கு வெண்டைக்காய் வந்து இறங்கியது. எதற்கு என்று சொல்ல அப்பாவுக்குக் கூச்சம். அந்த வாரம் முழுக்க எங்கள் வீட்டில் வெண்டைக்காய்தான் வெஞ்சனம். தெருவில் ஏழு வீட்டுக்கும் கொடுத்தோம்.

அந்த நாளும் வந்தது. காலைப் பூசை முடிந்து, வாழ்த்த வந்தவர்கள் கேக்கும் மிக்ஸரும் தின்று கலைந்தபின், அம்மாவை ஜன்னலோரம் நாற்காலியில் உட்கார வைத்தோம். மேக்கப் மாமா தன் மரப்பெட்டியைத் திறந்தார். தேவாலயத்துச் சாம்பிராணியும் தேங்காயெண்ணெயும் பெயிண்டும் கலந்த மாதிரி ஒரு வாசனை. அதை இன்னொரு முறை எங்கேயும் நான் முகர்ந்ததில்லை. உள்ளே அடுக்கடுக்காய்க் குப்பிகள், மயிலிறகு, ஒரு ஒட்டுத் தாடி, பிலாத்துவின் மோதிரம்.

பழைய ஜாக்கெட் அம்மாவுக்கு இரண்டு விரல் பத்தவில்லை. அக்கா பக்கத் தையலைப் பிரித்து வேறு துணி வைத்திருந்தாள். பஃப் கை தொங்கிப் போயிருந்ததால் உள்ளே நியூஸ் பேப்பரைச் சுருட்டி அடைத்தோம். கையை அசைத்தால் சரசரவென்று சத்தம். "மூச்சு விட்டாலும் பேப்பர் படிக்குது" என்றார் அம்மா. முடி வேலை தொடங்கியது. வெண்டைக்காய்க் கூழைத் தொட்டுத் தொட்டு மாமா முன்முடியை விரலால் மடிக்க, அக்கா கிளிப் போட, நான் விசிறினேன். காய்ந்து கிளிப்பை எடுத்ததும் கறுகறுவென்று மூன்று அலை. காதோரம் இரண்டு சுருள். பின்னால் சவரி வைத்துக் கொண்டை, அதைச் சுற்றி நிலக்கோட்டை மல்லிகை. அம்மா கண்ணாடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார். சிரிப்பை உதட்டுக்குள்ளேயே வைத்திருந்தார்.

அப்போதுதான் அப்பா உள்ளே வந்தார். கையில் ஒரு பெரிய பவுடர் டப்பா. ரகசியமாக வாங்கி வைத்திருந்திருக்கிறார். "இதையும் போட்டாத்தான் அன்னைக்கு மாதிரியே வரும்!" என்று மூடியைத் திருகித் திறந்தார். வெள்ளையாய்ப் புகை மாதிரி எழும்பியது.

அம்மா எழுந்தார். பேப்பர் சரசரக்க நேராகக் கொல்லைக்குப் போய்விட்டார்.

எங்களுக்கு ஒன்றும் ஓடவில்லை. "நான் என்ன சொன்னேன் இப்ப?" என்று அப்பா டப்பாவும் கையுமாக நின்றார். அக்காவுக்கு அழுகை வந்துவிட்டது. நாலு மணிக்கு ஸ்டுடியோவில் சொல்லி வைத்திருந்தது. மேக்கப் மாமாதான், "கண்ணாடியத் தூக்கிட்டு வா பாப்பா" என்று என்னைக் கூட்டிக்கொண்டு பின்னால் போனார்.

அம்மா துணி துவைக்கிற கல்லில் உட்கார்ந்திருந்தார்.

"டீச்சரம்மா, பவுடர் வேணாம்னா வேணாம்னு சொல்லிருங்க. அதுக்கு எந்திருச்சு வரணுமா?" என்றார் மாமா.

"ஒங்களுக்குத் தெரியாது. அன்னைக்கும் இப்படித்தான் டப்பாவத் தொறந்தாக." அம்மா கண்ணாடியைப் பார்க்காமல் பேசினார். "எங்க மாமியாவுக்கு மருமக கறுப்புன்னு நாலு பேரு சொல்லிருவாங்கன்னு பயம். ஒரு பொம்பளையக் கூட்டியாந்து, மாவுல பெரட்டுன மீனு மாதிரி ஆக்கிவிட்டாக. மூஞ்சி வெள்ள, கழுத்து கறுப்பு, கையி கறுப்பு. கோயில்லயே வேர்த்துக் கோடு கோடா வழிஞ்சுச்சு. போட்டோ வந்து பாக்குறேன், அதுல நான் இல்ல. எவளோ ஒருத்தி என் புடவையக் கட்டிக்கிட்டு என் புருசன் பக்கத்துல நிக்கிறா. ஆறு மாசம் அவளப் பாத்துக்கிட்டே சோறாக்குனேன். ஒரு நா அந்தப் போட்டோவ வெந்நீர் அடுப்புத் தீயில போட்டுட்டேன்."

"கரையான்னு சொன்னியே!"

பின்னால் அப்பா நின்றுகொண்டிருந்தார். அம்மா திரும்பினார். ஆனால் தலை குனியவில்லை. "சொன்னேன்" என்றார்.

"இருபத்தி நாலு வருசம்! மாசாமாசம் மண்ணெண்ண ஊத்துறேனேடி!"

"ஊத்துனதுல பெட்டி நல்லாத்தான இருக்கு."

அவர்கள் இருவரும் எங்கள் முன்னால் சண்டை போட்டதே இல்லை. அப்பா டப்பாவைக் கல்லின் மேல் வைத்தார். எடுத்தார். மறுபடியும் வைத்தார். மேக்கப் மாமா கொடியில் காய்ந்த துண்டை ரொம்பக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நெலா மாதிரி வெள்ளையா இருந்தேன்னு புள்ளைககிட்டச் சொல்லியிருக்கீங்க. அந்த மூஞ்சிதான் ஒங்களுக்குப் பிடிச்சிருந்துச்சா?" என்று அம்மா கேட்டார். இந்தக் கேள்வி இருபத்தைந்து வருஷமாக அவருக்குள் இருந்திருக்கிறது என்பது பதினோரு வயசுப் பிள்ளைக்குக்கூடப் புரிந்தது.

அப்பா தலையைச் சொறிந்தார். "எனக்கென்ன தெரியும்? கரையான் தின்ன போட்டோவ நல்லா இல்லன்னா சொல்ல முடியும்? உள்ளதச் சொல்லட்டா? அந்தப் போட்டோவுல உன்னைய நான் பாத்ததே இல்ல."

"பின்ன யாரப் பாத்தீங்க?"

"என் மீசையத்தான். ஒரு பக்கம் ஏறி, ஒரு பக்கம் எறங்கி… எப்பப் பாத்தாலும் அதுதான் கண்ணுல குத்தும்."

அம்மா ஒரு விநாடி அவரையே பார்த்தார். அப்புறம் சிரித்தார் பாருங்கள்! பஃப் கை இரண்டும் குலுங்கி, பேப்பர் நொறுங்கி, கண்ணில் தண்ணீர் வருகிற சிரிப்பு. அப்பாவும் சிரிக்கத் தொடங்கினார். மாமா துண்டை விட்டுவிட்டு எங்களோடு சேர்ந்துகொண்டார். வாசற்படியில் அழுதுகொண்டு நின்ற அக்கா, என்ன ஏது என்று தெரியாமலே சிரித்தாள். அந்த டப்பா அந்தக் கோடை முழுக்க எங்கள் கேரம் போர்டுக்கு உதவியது.

"இப்ப நான் எழுதுறேன் பாருங்க டீச்சரம்மா" என்று மாமா சட்டைக் கையை மடித்துவிட்டார். மஞ்சள், காவி, கொஞ்சம் கறுப்பு, ஒரு பொட்டுச் சிவப்பு எடுத்து எண்ணெய் விட்டு உள்ளங்கையில் குழைத்தார். கலர் சரியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அம்மாவின் இரண்டு கையையும் அக்கா பிடித்து வளையல் ஏற்றிக்கொண்டிருந்தாள். மாமா என்னைப் பார்த்து, "பாப்பா, ஒங்கையக் குடு. நீயும் ஒங்கம்மாவும் ஒரே நெறம்தான்" என்றார். என் முன்கையில் ஒரு கீற்று இழுத்தார். "வெளுப்பா இருக்கு" என்று துடைத்தார். மறுபடியும் குழைத்து, மறுபடியும் இழுத்தார். நாலாவது தடவை அந்தக் கீற்று என் கையில் எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. "இதுதான்!" என்றார். பள்ளிக்கூடத்தில் என்னைக் கருவாச்சி என்று கூப்பிடுகிறவர்கள் உண்டு. கூப்பிட்டுவிட்டுப் போகட்டும் என்று அன்றைக்குத்தான் முதல்முதலாகத் தோன்றியது.

அம்மாவின் முகத்தில் அந்தக் கலவை பூசின மாதிரியே தெரியவில்லை. உள்ளே யாரோ விளக்குப் போட்டதுபோல் இருந்தது. புருவத்தை வில்லாய் வளைத்தார். கண்ணின் மேல் இமையில் மை எழுதி, ஓரத்தில் மெல்லிய வால் நீட்டினார். உதட்டில் செம்பருத்தியின் அடர்ந்த சிவப்பு, கன்னத்தில் அதையே தொட்டும் தொடாமலும். கடைசியில் அப்பாவையும் உட்கார வைத்து, ஒரு நூலைப் பிடித்து அளந்து, மீசையின் இரண்டு பக்கமும் ஒரே மட்டத்தில் கத்தரித்துவிட்டார். அம்மா கண்ணாடியை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். "இருபது வயசுல நான் இப்படித்தான் இருந்திருப்பேன்போல" என்றார்.

ஸ்டுடியோக்காரர் கெட்டிக்காரர். ஆனால் அந்தக் காலத்து ஸ்டுடியோக்காரர்கள் எல்லாருக்கும் ஒரே பழக்கம்தானே. எடுத்து முடித்ததும், "கவலைப்படாதீங்க டீச்சர், நெகட்டிவ்ல லேசா பென்சில் போட்டு நல்லா வெளுப்பாக்கித் தந்துர்றேன்" என்றார்.

"தொட்டுப் பாருங்க" என்றார் அம்மா. வகுப்பில் பேசுகிற குரல். "ஒங்க பையன் வர்ற ஜூன்ல மூணாங்கிளாஸ். எங்கிட்டதான் வரணும்."

அவர் தொடவில்லை.

ராத்திரிச் சாப்பாடு பெரியம்மா வீட்டில். வெயில் தாழ்ந்ததும் ஸ்டுடியோவிலிருந்து நேராகச் சின்னாளப்பட்டி பஸ் ஏறினோம். "வீட்டுக்குப் போய் மூஞ்சியக் கழுவிட்டுப் போவமா?" என்று அப்பா கேட்டதற்கு அம்மா, "எதுக்கு?" என்றார். பஸ்ஸில் எல்லாத் தலையும் திரும்பியது. அம்மாவும் நானும் ஒரு சீட்டில், அக்கா முன்சீட்டில். அப்பாவுக்கு இடம் கிடைக்கவில்லை, அம்மாவின் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பக்கத்திலேயே கம்பியைப் பிடித்து நின்றார். பூ மார்க்கெட்டில் வியாபாரம் முடிந்து காலிக் கூடையோடு திரும்புகிற ஒரு அம்மா எதிர்ச்சீட்டில் இருந்தார். ரொம்ப நேரம் பார்த்துப் பார்த்து, கடைசியில் பொறுக்க முடியாமல் குனிந்து கேட்டார்.

"ஏத்தா, நீங்க சினிமாவுல நடிக்கிறவுகளா?"

பொய் சொன்னால் முட்டிபோட வைக்கிற எங்கள் அம்மா, ஒரு இமைகூடத் தட்டாமல், "ஆமாக்கா" என்றார். "பழைய காலத்துக் கதை. நாளைக்குச் சூட்டிங்கு."

அக்கா வாயைப் பொத்திக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டாள். நான் அம்மாவின் முகத்தையே பார்த்தேன். வால் வைத்த அந்தக் கண்ணில் ஒரு சின்னச் சுருக்கமும் இல்லை.

பூக்கார அம்மா கூடையைத் துழாவி, மிச்சமிருந்த கனகாம்பரத்தில் இரண்டு முழம் எடுத்து அம்மாவின் மடியில் வைத்தார். "எம் மக கேட்டா நம்பமாட்டா" என்றார். பிறகு அப்பாவைக் கண்ணால் காட்டி, குரலைத் தணித்து, "இவரு யாரு? இவரும் நடிக்கிறவரா?" என்று கேட்டார்.

அம்மா நிமிர்ந்து அப்பாவை உச்சி முதல் பாதம் வரை ஒருமுறை பார்த்தார்.

"இவரா? எங்க டிரைவர்" என்றார்.

"ஆமாங்கம்மா" என்று அப்பா தோளில் இருந்த பையைச் சரிசெய்துகொண்டு, ரொம்பப் பணிவாகத் தலையைக் குனிந்தார்.